சாரத்தில் ஏறிய மரநாய்

ஏம்பலம் பேருந்து நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பும்போதுதான் குமரவேல் தன் தலையைப் பார்த்தான்.

அக்காள் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் உச்சியில், சாரத்துச் சவுக்குக் கழியில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டு, அது ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பூசணி. மறுபக்கம் தலைகீழாகத் தொங்கும் கற்றாழை. தாடைக்குக் கீழே ஒற்றைச் செருப்பு.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வீட்டெதிரே வேகம் குறைந்தது. ஓட்டுகிறவன் அண்ணாந்து பார்த்தான். சிரித்தான். ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனான்.

குமரவேல் வண்டியை ஓரம் கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றவில்லை.

“இன்னாடா, எப்படி இருக்குது?” மகாலட்சுமி டீ டம்ளர்களோடு உள்ளேயிருந்து வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “சொல்லாம கொள்ளாம வாங்கிப் பரண்ல வெச்சிட்டு அமுக்கமா இருந்திருக்கிற பாரு! பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கலாம்னு உன் வூட்டுக்குப் போனேன். பொட்டியத் தொறந்தா, அம்மாடி! ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னுபோச்சு.”

விஷயம் இதுதான். ஐப்பசியில் ஒருநாள், புது வீட்டுக்கு ஒரு திருஷ்டி பொம்மை வாங்கித் தருவதாக அவன் அக்காளிடம் சொல்லியிருந்தான். சொன்னதோடு மறந்தும் விட்டான். கட்டுகிற வீட்டின் மேல் ஊர்க் கண் படாமலிருக்க, கோரைப்பல்லும் நீட்டிய நாக்குமாக ஒரு முகத்தை முகப்பில் கட்டுவது வழக்கம். அவன் வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டிக்குள் இருந்த முகத்துக்குக் கோரைப்பல் இருந்தது. நாக்கும் நீட்டிக்கொண்டிருந்தது. மகாலட்சுமியைக் குற்றம் சொல்ல இடமில்லை.

“மேஸ்திரி, என் தம்பி வந்துட்டான்!”

சாரத்துக்கு அடியில் கலவை குழைத்துக்கொண்டிருந்த செல்லப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “தம்பி, முப்பது வருஷமா வூடு கட்டுறேன். இப்படி ஒரு சரக்கை நான் பாத்ததில்ல. நாலு சுத்துக் கம்பி போட்டிருக்கேன். புயலே வந்தாலும் வூடு போகுமே தவிர பொம்மை போகாது.”

“அக்கா, அது வந்து...” என்றான் குமரவேல்.

“நீ ஒண்ணும் சொல்லாத.” அவள் குரல் சட்டென்று தழைந்தது. “பதினஞ்சு மாசமா நீ எதுலயாவது மனசு வெச்சுப் பாத்தேனா? சாப்புடுறியா, ம். தூங்குனியா, ம். அந்தப் பொட்டியத் தொறந்ததும்தான், சரி, இவனுக்கும் ஒரு பிடிப்பு வந்துட்டுதுன்னு எனக்கு உசுரே வந்துது.”

அவன் டீயை வாங்கிக் குடித்தான். சர்க்கரை போட்டிருந்தாளா என்று தெரியவில்லை. வருவது கோபமா, சிரிப்பா? இரண்டும் பழக்கம் விட்டுப்போயிருந்தன.

மேலே காற்றில் ஒரு காது ஆடியது.

அந்த முகத்தின் பெயர் சொக்கு. அது மரநாய். கூரான மூக்கு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, உருண்டைக் காதுகள். இரவில் தென்னையேறிக் கட்டியிருக்கும் கள்ளைக் குடித்துவிட்டுச் சொக்கிப்போகிற பிராணி. அதனால்தான் அந்தப் பெயர்.

கல்லூரியில் படிக்கும்போதே சொக்கு வந்துவிட்டது. முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படமாக. பிறகு இணையத்தில், அதே போல ஓநாயாகவும் முயலாகவும் இருப்பவர்கள் நடுவில் ஒரு பேராக. உலகம் முழுக்க இப்படிப்பட்டவர்களை ஃபர்ரி என்கிறார்கள். ஆளுக்கொரு மிருகம். அதை அவர்களே வரைகிறார்கள், பெயர் வைக்கிறார்கள், வசதியிருந்தால் தலையும் வாலுமாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். குமரவேலின் பதில் சின்னது. குமரவேலுக்குப் பேச வராது. சொக்குவுக்குப் பேசவேண்டிய தேவையே இல்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் அதைப் பிரியதர்ஷினியிடம் சொன்னான். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் பாகூர்ப் பெண். உடை வடிவமைப்பு படித்தவள். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வால் எவ்ளோ நீளம்?”

மறுவாரமே சென்னைக்குப் போய் ரோமத்துணி வாங்கி வந்தாள். மெத்தைக்கடைப் பஞ்சுத் தகட்டை வெட்டித் தலை செய்தாள். கண்ணுக்குப் பிளாஸ்டிக் வலை. தாடைக்கு எலாஸ்டிக். நாலு மாத வேலை. அதைப் போட்டுக்கொண்டால் நேரே மட்டும்தான் தெரியும்; காலடியும் பக்கவாட்டும் இருட்டு. அதனால் உடுப்புப் போட்டவர் கூடவே இன்னொருவர் கையைப் பிடித்து நடக்க வேண்டும். அவர்கள் குழுவில் அவருக்குக் கைத்துணை என்று பெயர். பிரியாதான் சொக்குவின் கைத்துணை. உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால் படி. இரண்டு முறை என்றால் நில். மணிக்கட்டில் கிள்ளினால், குழந்தை வருகிறது, குனி. உடுப்புக்குள் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது எல்லா ஊரிலும் ஃபர்ரிகளின் சம்பிரதாயம். எனவே கைதான் மொழி.

பிறகு பிரியாவுக்கு டெங்கு. ஐந்தே நாளில் போய்விட்டாள். தலையைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினான். உடம்பையும் வாலையும் பீரோவில் பூட்டினான். வில்லியனூரில் மருந்து கம்பெனிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனான், வந்தான். அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் யாருக்கும் சொக்குவைத் தெரியாது. மறைத்தான் என்று சொல்ல முடியாது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினான். குழுவின் பெயர் ‘வால் பேட்டை’. மொத்தம் ஒன்பது பேர். படத்துக்குக் கீழே நாலே சொல் எழுதினான்: ‘சொக்கு திருஷ்டி பொம்மை ஆகிட்டான்.’

கடலூரில் நர்சாக இருக்கும் வெண்ணிலாதான் முதலில் கூப்பிட்டாள். குழுவில் அவள் கழுதைப்புலி. சிரிப்பதிலும் அப்படித்தான். இரண்டு நிமிடம் சிரித்து முடித்தாள்.

“டேய் சொக்கு, அந்தச் செருப்பு யாருதுடா?”

“மேஸ்திரியோடது.”

“ஞாயித்துக்கிழமை சந்திப்ப மறந்துடல இல்ல? பதினஞ்சு மாசமா நீ வரல, அதனால நாங்க பாகூருக்கு வர்றோம். சேவியர் லீவு போட்டாச்சு. அவனோட ஓநாய் உடுப்ப டிரைகிளீனிங்ல குடுத்து வாங்கிட்டான். கடைக்காரன் இது எந்த நாட்டு ஜமுக்காளம் சார்னு கேட்டானாம்.”

“தலை மேல இருக்குது, வெண்ணிலா.”

“இறக்கு.”

“கிரகப்பிரவேசத்துக்கு முன்ன இறக்கக் கூடாதாம்.”

“அப்ப அதுக்கப்புறம் எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை சும்மா வா.”

“முடிஞ்சதும் முச்சந்தியில வெச்சுக் கொளுத்திடுவாங்க.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“உங்க அக்காகிட்ட சொல்லிடேன்டா.”

“இன்னான்னு?”

“அது நீதான்னு.”

அவன் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எளிய வாக்கியம். இரண்டு சொல். பிரியாவிடம் அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது.

புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது வில்லியனூரில் நிஜமான திருஷ்டி பொம்மை ஒன்று வாங்கினான். கறுப்பு முகம், முறுக்கு மீசை, ரத்தச் சிவப்பில் நாக்கு. அதைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காளிடம் போனான்.

“அக்கா, இதுதான் சரியான பொம்மை. அத இறக்கிட்டு இத மாட்டலாம்.”

மகாலட்சுமி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது ஊர்ல எல்லா வூட்லயும் தொங்குது. எவன் அண்ணாந்து பாக்குறான்? நீ மொதல்ல வாங்குனத பாக்க மடுகரையிலிருந்து ஆள் வருதுடா.”

“ஆமா தம்பி,” என்றார் செல்லப்பன். “வூட்டப் பாத்துப் பெருமூச்சு விட வர்றவன், பொம்மையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிடுறான். சிரிச்ச கண்ணுல ஏது திருஷ்டி?”

“அதுவுமில்லாம,” மகாலட்சுமி குரலைத் தாழ்த்தினாள், “ரெண்டு வாரமா டிமிக்கி குடுத்த டைல்ஸ்காரன், அதக் கட்டுன மறுநாளு தானா வந்து நிக்கிறான். கட்டுனத பாதியில அவுக்கக் கூடாது குமரா. நம்ம குடும்பத்து மேல பட்ட கண்ணு போதும். இன்னொண்ணு என்னால தாங்க முடியாது.”

அவள் பிரியாவைத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மீசைப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். அதைப் பின்சீட்டில் பார்த்த அக்காள் புருஷன் விஜயராஜ், தன் பள்ளி வேனை நிறுத்தி, “இன்னா மச்சான், பொண்ணு பாத்துட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு காக்கை சொக்குவின் தலையிலிருந்து ஒரு கொத்து ரோமத்தைப் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பறந்ததைக் குமரவேல் கண்ணால் பார்த்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம். கொத்தனார்கள் உள்ளே குளிர்ந்த தரையில் படுத்திருந்தார்கள். செல்லப்பன் சிமெண்ட் மூட்டைகளின் மேல் துண்டால் முகத்தை மூடித் தூங்கினார். மகாலட்சுமி பத்திரிகை வைக்க மடுகரைக்குப் போயிருந்தாள். குமரவேல் ஒரு குறடு, ஒரு கட்டைப்பை, முதுகில் கயிற்றால் கட்டிய மீசைப் பொம்மை ஆகியவற்றோடு சாரத்தில் ஏறினான்.

ஏறுவது சுலபமாக இருந்தது. சின்ன வயதில் ஏறாத மரமா? உச்சிக்குப் போய் முதலில் மீசைக்காரனைக் கட்டினான். பிறகு சொக்குவின் கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினான். செல்லப்பன் சொன்னது பொய்யில்லை. நாலு சுற்று. உள்ளே திணித்திருந்த வைக்கோலை உருவி எறிந்தான். தலை கையோடு வந்தது.

பையில் நுழைக்கப் பார்த்தான். காது நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தான். மூக்கு இடித்தது. பரணில் இருந்தபோது தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. அது பெரிய பூசணி அளவு. ஒரு கையால் அணைத்துக்கொண்டு சாரத்தில் இறங்க முடியாது. மேலிருந்து போட்டால் தாடை தெறித்துவிடும். அந்தப் பல் ஒவ்வொன்றையும் பிரியா உப்புக்காகிதத்தால் தேய்த்து ஒட்டியது.

இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும் என்றால், தலை இருக்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

போட்டுக்கொண்டான்.

உள்ளே வைக்கோல் வாசனை. அதற்கடியில் பசை. அதற்கும் அடியில், வியர்வை ஊறாமலிருக்கப் பிரியா தட்டிவைக்கும் பவுடர் வாசனை. அவன் கழியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு காலைக் கீழே விட்டுத் துழாவினான். கழி அகப்பட்டது. இன்னொரு கால். அகப்பட்டது. மூன்றாவது தடவை அகப்படவில்லை.

கீழே எதுவும் தெரியவில்லை. நேரே பூசாத செங்கல் சுவர். அவ்வளவுதான். இரண்டு கையும் கழியில்.

“டேய்! பொம்மை இறங்குதுடா!”

யாரோ ஒரு பொடிசு கத்தியதும் தெரு கூடிவிட்டது. கதவுகள் திறக்கும் சத்தம். ஒரு பேருந்து பிரேக் போட்டு நின்றது, உள்ளேயிருந்து விசில். ஒரு பெண் குரல் ஏதோ அம்மன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. சிமெண்ட் மூட்டை சரிய, செல்லப்பன் எழுந்து ஓடிவந்தார்.

“ஐயோ, என் கட்டு எப்படி அவுந்துச்சு!”

அந்த நேரத்தில்தான் குங்குமச் சிமிழை மறந்துவிட்டுப் போன மகாலட்சுமி அதை எடுக்கத் திரும்பி வந்தாள்.

“யாருடா அது? மேல யாரு?”

குமரவேல் பதில் சொல்லவில்லை. உடுப்புக்குள் பேசக் கூடாது, பழக்கம். வழக்கமாக யாராவது கூப்பிட்டால் சொக்கு கையாட்டும். கை தானாக எழுந்தது. கழி ஆடியது. கூட்டம் ஓவென்று கத்தியது. அவன் மறுபடி கழியைக் கட்டிப்பிடித்தான்.

“கேக்குறேன்ல! யாரு?”

அவன் வாயைத் திறந்தான். தாடையும் திறந்தது, அது அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது.

“அக்கா. நான்தான்.”

“குமரனா?” மகாலட்சுமி சாரத்தடிக்கு வந்தாள். “அதுக்குள்ள இன்னாத்துக்குடா போன?”

“கையில புடிச்சிக்கினு இறங்க முடியல.”

“அப்ப தூக்கிக் கீழ போடு! கழுத்த ஒடிச்சிக்கப் போற!”

“போட முடியாதுக்கா.” மூச்சு முட்டியது. “அது பொம்மை இல்ல. அது... அதுவும் நான்தான்.”

தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பேருந்து ஓட்டுநர் இன்ஜினையே அணைத்துவிட்டார். சொல்லியாயிற்று. முக்கால் மணி நேரம் ஆகவில்லை.

கீழே மகாலட்சுமி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றாள். அந்தக் கணத்தில் அவளுக்கு என்ன புரிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் பதினைந்து மாதமாக தன்னைப் பற்றி ‘ம்’ என்பதற்கு மேல் சொல்லாத தம்பி ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறான் என்பது புரிந்திருக்க வேண்டும்.

“சரி,” என்றாள். “முதல்ல இறங்கு. அப்புறம் நீ யாரா வேணா இரு.”

“கீழ தெரியலக்கா.”

“நான் பாக்குறேன். பீச்சாங்கால விடு. இன்னும். இன்னும் ஒரு சாண். அங்கதான் கழி. வெச்சியா? வெச்சியாடா? இப்ப சோத்துக்கால். அவசரப்படாத. மேஸ்திரி, நீ சாரத்தப் புடி, வாயப் பாக்காத. குமரா, உள்ளாற ஒதுங்கு, ஆணி நீட்டிக்கினு இருக்குது. அப்படித்தான். என் ராசா.”

கால்வாசி தூரத்தில் தெருவும் சேர்ந்துகொண்டது. “சோத்துக்கால்!” என்று அவள் சொன்னால் “சோத்துக்கால்!” என்று நாற்பது குரல். தரையைத் தொட்டபோது பேருந்திலிருந்து கைதட்டல் கேட்டது. மகாலட்சுமி அவன் கையைப் பற்றிய பிடியில் வளையல் அவன் மணிக்கட்டில் பதிந்தது.

உள்ளே, ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் கூடத்தில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். நோட்டின் கடைசிப் பக்கம். வால் பேட்டை. ஞாயிற்றுக்கிழமை. துண்டு துண்டாகத்தான் வந்தது. மகாலட்சுமி குறுக்கே பேசவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது முகத்திலேயே தெரிந்தது. செல்லப்பன் வாசலில் நின்று காது கொடுத்தார்.

“இதுக்கு சம்பளம் தருவாங்களா?” என்றாள் கடைசியில்.

“இல்லக்கா. நாமதான் செலவு பண்ணணும்.”

“சாமி சமாச்சாரமா?”

“இல்ல.”

“பின்ன இன்னாடா கிடைக்குது?”

அவன் யோசித்தான். “உள்ள இருக்குறப்ப கூச்சம் இல்லக்கா. யார் வேணா வந்து கட்டிப் புடிப்பாங்க. நானும் புடிப்பேன். வெளிய இருக்குறப்ப எனக்கு அது வராது.”

“பிரியாவுக்குத் தெரியுமா?”

“அவதான் தெச்சா.”

மகாலட்சுமி தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். காதைத் தொட்டாள். பல்லைத் தொட்டாள். கவிழ்த்து உள்ளே பார்த்தாள். பஞ்சு குத்தாமலிருக்க உள்ளே மாம்பழ நிறத்தில் ஒரு மெல்லிய பருத்தித் துணி, பொடிப்பொடித் தையலில். அவள் விரல் அங்கேயே நின்றது.

“இது என் பொடவைடா.”

அவனுக்கு அது தெரியாது.

“பழைய காட்டன் பொடவை இருந்தா குடுங்க அண்ணின்னு கேட்டா. கரித்துணிக்குன்னு நெனச்சிக் கிழிஞ்சதாப் பாத்துக் குடுத்தேன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “சொல்லியிருந்தா நல்லதாக் குடுத்திருப்பேன்ல! ரெண்டு பேரும் கல்லுளிமங்கங்க.”

குமரவேலின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து மகாலட்சுமி பதறினாள். இல்லை. சிரித்தான். இரண்டும்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

“ஆனா இறக்கிட்டியேடா,” என்றாள் பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கட்டுனத அவுத்துட்டா...”

வாசலிலிருந்து செல்லப்பன் தொண்டையைச் செருமினார். “அம்மா, சட்டம் அப்படி இல்ல. எடத்த வெறுமையா விட்டுத்தான் இறக்கக் கூடாது. தம்பி மீசைக்காரன ஏத்திட்டுத்தான் இவர இறக்கியிருக்கு. மேல பாத்தேன். முடிச்சுதான் சுமார்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா ஒண்ணு. அஞ்சு நாள் காவல் காத்தவரு. கிரகப்பிரவேசத்துக்கு நேர்ல வந்து நின்னாருன்னா நல்லது.”

முப்பது வருட அனுபவத்தில் அப்படி ஒரு சட்டம் அவருக்கு அந்த நிமிடம்தான் பிறந்தது என்று குமரவேலுக்குத் தோன்றியது. மகாலட்சுமி அதைக் கேட்டதும் பெருமூச்சு விட்டு எழுந்தாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

அன்று மாலை விஜயராஜ் போனில் கேட்டது ஒன்றுதான். “மச்சான், மரநாயாமே? அப்ப நம்ம தோட்டத்து சப்போட்டாவையெல்லாம் தின்னது நீதானா?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகூர் ஏரிக்கரையில் பனி விலகியிருந்தது. நீர் ததும்ப நின்றது. கரையோரம் ஒரு கழுதைப்புலியும் ஒரு நீல ஓநாயும் மசால் வடை தின்றுகொண்டிருந்தன. தலைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மற்றவர்களில் சிலருக்கு வாலும் காதும் மட்டும்தான். சின்ன ஊருக்கு அதுவே அதிகம். நடைப்பயிற்சி வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

மகாலட்சுமி சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். அதனால் நாற்பது இட்லி மட்டும் கொண்டுவந்திருந்தாள்.

“இன்னாம்மா இது, வேஷமா?” என்று வெண்ணிலாவைக் கேட்டாள்.

வெண்ணிலா வடையை விழுங்கினாள். “வேஷம்னா கழட்டுனதும் போயிடும்கா. இது கழட்டுனாலும் கூடவே இருக்கும். வார்டுல நைட் ட்யூட்டியில அழுகை வந்தா, இந்தக் கழுதைப்புலி இன்னா பண்ணும்னு யோசிப்பேன். அது சிரிக்கும். நானும் சிரிச்சிட்டு ஊசி போடப் போயிடுவேன்.”

“அப்ப இவன் ஊமையா இருந்தப்ப?”

“தினமும் ஒருத்தர் குழுவுல அவனுக்குக் காலை வணக்கம் போடுவோம். முறை வெச்சு. பதில் வராது. இருந்தாலும் போடுவோம். ரெண்டு நீலக் கோடு விழும். சரி, பாக்குறான், உசுரோட இருக்கான்.”

மகாலட்சுமி அவள் தட்டில் இன்னும் மூன்று இட்லி வைத்தாள்.

குமரவேல் உடம்பைப் போட்டான். வாலை மாட்டினான். தலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கைத்துணை இல்லை. வெண்ணிலாவும் சேவியரும் உடுப்புக்குள் இருக்கப்போகிறவர்கள். மற்றவர்கள் அவர்களுக்குத் துணை.

“இன்னாடா முழிக்கிற? போடு,” என்றாள் மகாலட்சுமி. “நேத்து உன்ன எறக்குனது யாரு? கரையில நடத்த மாட்டேனா?”

அவன் கையசைவுகளைச் சொல்லிக்கொடுத்தான். ஒன்று படி. இரண்டு நில். கிள்ளினால் குழந்தை. அவள் மூன்று தடவை ஒப்பித்துக் காட்டினாள். பிறகு அவன் தலையைப் போட்டுக்கொண்டான். பவுடர் வாசனை. மாம்பழ நிறம். நேரே ஏரி.

பத்தடி நடந்ததும் அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

“பள்ளம்டா! பள்ளம்! சோத்துப் பக்கம் வா. ஐயோ, சாணி! தாண்டு, தாண்டு! பாப்பா வருது, குனிடா!”

ஏரியின் மறுகரைக்கே கேட்டிருக்கும். கொக்குகள் எழுந்தன. எல்லா ஊரிலும் கைத்துணைகள் சத்தமில்லாமல் நடப்பார்கள். சேவியர் நீல ஓநாய்க்குள்ளிருந்து சம்பிரதாயத்தை மீறி, “அக்கா, எங்களுக்கும் சேர்த்து சொல்லுங்க,” என்றான். சொன்னாள். மூன்று மிருகங்களும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு கரை நெடுக நடந்தன. சொக்கு ஒரு குழந்தைக்கு எதிரே குனிந்தது. குழந்தை மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டுக் கட்டிக்கொண்டது. சொக்குவும் கட்டிக்கொண்டது. விட மனமில்லாமல் கொஞ்சம் கூடுதலாகவே.

திரும்பும்போது புது வீட்டுக்கு முன்னால் விஜயராஜின் வேனை நிறுத்தச் சொன்னாள் மகாலட்சுமி. செல்லப்பனுக்கு இட்லி மிச்சம் வைத்திருந்தாள். சொக்கு இன்னும் தலையைக் கழற்றவில்லை. வாசலில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மேலே மீசைக்காரன் விறைப்பாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. அதே ஆள். பழக்கத்தில் உச்சியைப் பார்த்தான். மீசையைக் கண்டு அவன் முகம் தொங்கிப்போனது. பிறகு பார்வை கீழே இறங்கியது. வாசலில், முழு உடம்போடு, வாலோடு, அது நின்றுகொண்டிருந்தது.

டிராக்டர் நின்றேவிட்டது. ஓட்டுகிறவன் வாயைப் பிளந்தான். பிறகு ஹாரனை இரண்டு தடவை அடித்தான்.

சொக்கு இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. குதித்தது. மணல் சரிந்தது.

“மெதுவாடா!” என்று கத்தினாள் மகாலட்சுமி. இரண்டு கையும் மேலே இருந்ததால் பிடிக்கக் கையில்லை. வாலைப் பிடித்துக்கொண்டாள்.